ஊழியமும் ட்யூட்டியும் – ஒரு வேலூர்க் கதை

கல்கத்தாவில் யாரிடமாவது நான் தமிழ்நாட்டுக்காரன் என்று சொன்னால், அடுத்த கேள்வி இட்லியைப் பற்றி வராது. "பெலோர் பக்கமா?" என்பார்கள். வேலூரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வங்காளி நாக்குக்கு 'வ' வராது. மீன் கடைக்காரர், மகனின் கணக்கு வாத்தியார், ஆபீஸ் டிரைவர் என்று எவரை எடுத்தாலும், வேலூர் போய்வந்த ஒரு சித்தப்பாவோ மாமியாரோ அவர் வீட்டில் இருப்பார். ஹவுராவில் ரயிலேறி, எக்ஸ்ரே கவரும் அவல் பொட்டலமுமாகக் காட்பாடியில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் வங்காள எழுத்தில் லாட்ஜ் போர்டுகள், மீன்குழம்பும் சோறும் போடும் சாப்பாட்டுக் கடைகள். தமிழ்நாட்டில் வங்காளிகள் சொந்த ஊர் மாதிரி நடமாடும் இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, இது முன்கதை. விஷயம் வேறு.

கொஞ்ச நாள் முன்பு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில ஒரு வீட்டில் கூடியிருந்தோம். பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். பேச்சு யார் யார் என்ன ஊழியம் செய்கிறார்கள் என்பதில் போய் நின்றது. ஒருவர் வார இறுதியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார், ஒருவர் பாட்டு சி.டி. போட்டிருக்கிறார். இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் நாகர்கோவில் பக்கத்துப் பெண்ணிடம், "சிஸ்டர், நீங்க என்ன ஊழியம் பண்றீங்க?" என்று கேட்டார்கள். "நமக்கு ஊழியம் ஒண்ணும் கெடயாதுண்ணே, நைட் ட்யூட்டிதான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சாப்பாடு வந்துவிட்டது.

எனக்கு மட்டும் அந்த வாக்கியம் தொண்டையில் முள் மாதிரி நின்றுவிட்டது. காரணம், 'ஊழியம்' என்ற சொல்லுக்கு அவருடைய ஊரிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது.

தமிழில் சேவைக்கான சொற்களுக்கு நேர்ந்த கதியைக் கவனித்திருக்கிறீர்களா? தொண்டர் என்றால் இன்று கட்சிக்காரர். ஊழியர் என்றால் அகவிலைப்படி கேட்பவர். கிறிஸ்தவத் தமிழில் மட்டும் ஊழியம் என்றால் இன்னும் கடவுள் பணி. ஆனால் அந்தத் தமிழிலும் அது மேடை, மைக், போஸ்டரில் கைதூக்கிய போட்டோ என்று சுருங்கிக்கொண்டே போகிறது.

இருநூறு வருஷம் முன்பு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தென் திருவிதாங்கூராக இருந்தபோது, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கூலி இல்லாத கட்டாய வேலைக்குத்தான் ஊழியம் என்று பெயர். அரசாங்கத்துக்குச் சுமை தூக்க வேண்டும், கோயிலுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆள் வந்து கூப்பிட்டால் சொந்த வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நாடார், ஈழவர், பறையர், புலையர் என்று சாதி பார்த்து விதிக்கப்பட்ட வேலை. மறுத்தால் அடி.

1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் லண்டன் மிஷன் சார்பில் இந்தப் பக்கம் வந்தார். மயிலாடியில் வேதமாணிக்கம் என்பவர் முன்முயற்சி எடுத்துக் கூட்டிவந்தது. ரிங்கல்தௌபே ஒரு விசித்திரப் பிறவி. குடிசையில் இருந்தார், கிடைத்த சம்பளத்தைக் கொடுத்துவிடுவார். 1816-ல் உடம்பு முடியாமல் கிளம்பியவர் எங்கே போய் எப்படி முடிந்தார் என்பதே தெளிவில்லை. அவர் காலத்திலும் அவரையடுத்தும் சபைக்கு வந்த மக்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, இந்த ஊழியத்திலிருந்து விடுதலை. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, 1815 வாக்கில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் வேலைகளுக்கும் ஊழியத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் முதுகு நிமிர்கிறது. அதற்காகத்தான் மதம் மாறினார்கள் என்று ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. அதற்காகவும்தான் மாறினார்கள், சந்தேகமென்ன? முதுகில் சுமையோடு நிற்பவனிடம் தத்துவ விசாரம் எதிர்பார்ப்பது சுமை இல்லாதவர்களுக்குச் சுலபம்.

நான் சொல்லவந்தது வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு சுவிசேஷத்திலிருந்து எடுத்தது. பிறரிடம் பணிவிடை வாங்கிக்கொள்ள அல்ல, பிறருக்குப் பணிவிடை செய்யவே என்பது அதன் பொருள். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லும் ஊழியம்தான். திருவிதாங்கூரில் யார் ஊழியம் வாங்கினார்கள், யார் செய்தார்கள் என்று தெரிந்த ஒருவர் காதில் அந்த வரி எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டுச் செய்த வேலையின் பெயரை, ஒருவர் தானாக முன்வந்து தலையில் ஏற்றிக்கொள்கிறார். அந்தச் சொல்லுக்குள் சுமை தூக்கிய வியர்வை இருக்கிறது. மேடை இல்லை.

இனி வேலூருக்குப் போகலாம். ஆனால் யாழ்ப்பாணம் வழியாகத்தான் போக முடியும்.

1819-ல் டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த தன் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டுக் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி இவர் என்பார்கள். முதலில் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு, பிறகு 1836-லிருந்து மதராஸ். அவருடைய பிள்ளைகள் ஏழு பேரும் மிஷனரிகளானார்கள். 1853-ல் ஆற்காடு மிஷன் தொடங்கியது அந்தப் பிள்ளைகள்தான். ஸ்கடர் குடும்பம் ஆற்காட்டு மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேர்விட்டது இப்படித்தான்.

யாழ்ப்பாணத்தைக் கடக்கும்போது இன்னொருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டாக்டர் சாமுவேல் கிரீன். 1847-ல் வந்தவர், மானிப்பாயில் வேலை பார்த்தார். ஆங்கிலம் படித்த பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை என்பதைக் கண்டுகொண்டார். (இது நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். என்ன மாறியிருக்கிறது?) அதனால் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தீர்மானித்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? அவரே தமிழ் கற்று, மாணவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, உடற்கூறு, அறுவை சிகிச்சை, பிரசவம், மருந்தியல் என்று நாலாயிரம் பக்கத்துக்கும் மேல் தமிழில் கொண்டுவந்தார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' என்று அந்தப் புத்தகங்களின் பெயர்களைக் கேட்டாலே ஒரு சந்தோஷம். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியர்களானார்கள். மாணவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு திரிவது அவருக்குப் பிடிக்காது. மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்று இன்றும் பட்டிமன்றம் நடத்துகிறோம். மானிப்பாயில் அது நடந்து முடிந்துவிட்ட விஷயம். ஒரு அமெரிக்கர் இரவு விளக்கில் உட்கார்ந்து எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருந்தாரே, அது ஊழியமா இல்லையா என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876-78 பஞ்சம் அவருடைய சின்ன வயதில் வந்தது. பட்டினிக் குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும் வேலை அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இருந்ததாம். பெரியவளானதும் அவருக்கு ஒரே ஆசை, இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். அமெரிக்காவில் படித்தார். அங்கேயே கல்யாணம், குடும்பம் என்று கனவு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வரவே, 1890-ல் திண்டிவனம் வந்தார், கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாக.

அதன்பின் நடந்தது பலருக்குத் தெரிந்த கதைதான். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், உடனே வருகிறேன் என்கிறார். ஆண் டாக்டர் என் மனைவியைத் தொடக் கூடாது என்கிறார்கள் மூவரும். நீ வா என்று ஐடாவைக் கூப்பிடுகிறார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் சாவு மேளச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையைத் தெய்வ அழைப்பு என்ற விதத்தில்தான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரி படுகிறது. இரண்டு மதத்தைச் சேர்ந்த, மூன்று வழக்கம் கொண்ட ஆண்கள் ஒரே முடிவை எடுக்கிறார்கள். அதில் மட்டும் சர்வமத சமரசம். அந்த மூன்று பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, விஷயம் தெரிந்த ஒரு பெண்ணின் கை. அவ்வளவுதான். அந்த இடத்தில் எவ்வளவு நல்ல பிரசங்கம் செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஐடா அமெரிக்கா திரும்பினார், மருத்துவம் படிக்க. பென்சில்வேனியாவில் தொடங்கி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் முடித்தார். கிளம்பும்போது ஷெல் என்ற நியூயார்க் பேங்கர் இறந்துபோன தன் மனைவி நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்து சேர்ந்த சில மாதத்திலேயே அப்பா இறந்துவிட்டார். கூட இருந்து கற்றுக்கொடுக்க யாருமில்லை. அப்பா வீட்டில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், அதுதான் ஆஸ்பத்திரி. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் உதவிக்கு. 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது.

அடுத்த சில வருஷங்களில் ஒரு விஷயம் ஐடாவுக்கு உறைத்தது. ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது கடைசி நேரத்தில்தான். வண்டி இல்லை, காசு இல்லை, பயம் வேறு. சரி, நாமே போவோம் என்று மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் மாட்டுவண்டி, 1909-ல் ஒரு பெஜோ கார். காரைப் பார்த்துப் பிசாசு வருகிறது என்று ஓடிய கிராமங்கள் உண்டு. குடியாத்தம் ரோட்டில் வாரா வாரம் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல் பிடுங்குதல். ரோட்டோர ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர் வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'வாரா வாரம்' என்ற சொல்தான். ஒரு முறை போய்ப் பெரிய முகாம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவது எல்லோராலும் முடியும். அடுத்த புதன்கிழமையும் அதே மரத்தடியில் அதே புண்ணை அவிழ்த்துப் பார்க்கிறார்கள் பாருங்கள், அதற்கு வேறு ஒரு மனசு வேண்டும்.

அந்த மரத்தடிகளில் பைபிளும் வாசித்தார்கள். இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. ஐடாவோடு வந்த தோழி ஆனி ஹான்காக் வேலூரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சந்தித்தது மதப் பிரசாரத்துக்காகத்தான். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மதம் பேசலாமா என்ற கேள்வியை 1931-ல் காந்தி கடுமையாகவே கேட்டார். வைத்தியமும் கல்வியும் மதமாற்றத்துக்கான கருவியாக இருந்தால், சுதந்திர இந்தியாவில் அவர்களைப் போகச் சொல்வேன் என்கிற அளவுக்கு. மிஷனரிகளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. வலியில் துடிப்பவன் எதற்கும் தலையாட்டுவான், அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பு கிடையாது. வேலூரின் கதையைப் படித்தால், சொல்வது ஒருபக்கம், செய்வது ஒருபக்கம் என்று இரண்டும் கூடவே ஓடியதும், போகப்போக செய்வது முன்னால் போய்விட்டதும் தெரிகிறது. இன்று ஹவுராவில் ரயிலேறுகிறவர்களில் இந்து, முஸ்லிம் எல்லோரும்தான் இருக்கிறார்கள். மதம் மாறுவோமோ என்று பயந்து டிக்கெட்டை ரத்து செய்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நர்ஸ்களுக்கு வருகிறேன். 1909-ல் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இன்றைக்கு நர்ஸ் வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது, வெளிநாட்டுக் கனவும் இருக்கிறது. அன்று அப்படியில்லை. முன்பின் தெரியாதவர்களின் மலத்தையும் சீழையும் ரத்தத்தையும் தொடுகிற வேலை. சாதி இந்து வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் பெண்ணை அனுப்பாது. இந்தியாவின் ஆரம்பகால நர்ஸ்களில் கிறிஸ்தவப் பெண்கள் அவ்வளவு அதிகமாக இருந்ததற்கு இதுதான் காரணம். அதிலும் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பெண்கள், பஞ்சத்தில் மிஷன் விடுதிக்கு வந்தவர்கள், இளம் விதவைகள். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய வீட்டுப் பெண், உயர்சாதி நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறாள். அவருக்கு வேறு வழியில்லை, கையைக் கொடுக்கிறார். கிறிஸ்தவ சபைகள் சாதியில் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 1833-ல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எவ்வளவு பேர் முறைத்துக்கொண்டு வெளியே போனார்கள் என்பது சரித்திரம். மகாகவி என்று போற்றப்படும் வேதநாயக சாஸ்திரியாரே சாதியை விடச் சொன்னவர்களை எதிர்த்து எழுதினார். பிஷப்பின் உத்தரவால் ஆகாத ஒன்று, தெர்மாமீட்டரும் கையுமாக நின்ற பெண்களால் கொஞ்சமாவது ஆனது என்பது என் கணிப்பு.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மதராஸ் மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் கர்னல் பிரைசன், மூன்று பேர் விண்ணப்பித்தாலே உங்கள் அதிர்ஷ்டம் என்றாராம். வந்து குவிந்ததில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்து இரவுக்குப் பதில் வர முப்பது வருஷம் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு பெரிய இக்கட்டு. 1930-களின் கடைசியில் அரசு பழைய எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும்தான் என்றது. கல்லூரித் தரத்துக்கு உயர்த்த ஏராளமான பணமும் பேராசிரியர்களும் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். எழுபது வயதில் ஐடா மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் கேட்டார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் உதவி வரும் என்றார்கள் சிலர். பெண்களுக்கென்று காசு சேர்த்துக் கொடுத்த அமெரிக்கப் பெண்கள் அதைத் துரோகம் என்றார்கள். பல வருஷத் தோழமைகள் முறிந்தன. கடைசியில் ஐடா சேர்ந்து நடத்தும் பக்கம் வந்தார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பு, 1947-ல் ஆண் மாணவர்கள். அதையொட்டிய ஆண்டுகளில் விசாகப்பட்டினத்து டாக்டர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநரானார். புனிதர் கதைகளில் இந்த கமிட்டிச் சண்டைகளையும் கணக்கு வழக்கையும் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு நிறுவனம் நூறு வருஷம் நிற்பது இவற்றால்தான்.

1946-ல் வேலூருக்கு பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், எலும்பு அறுவை நிபுணர். டாக்டர் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். அவர் அழுத்திய அழுத்தில் இவருக்கு உயிர் போயிற்று. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா? அப்படியென்றால் எல்லாத் தசையும் சாகவில்லை. உயிரோடு இருக்கும் தசைநாணை இடம் மாற்றிக் கட்டினால் விரலை நிமிர்த்தலாமே. 1948 வாக்கில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அப்படிப்பட்ட சீரமைப்பு அறுவை வேலூரில் ஆரம்பமானது. உலகத்திலேயே முதல் முறை.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார், துப்பறியும் கதை போல. ஒருநாள் துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு பொடியன் வந்து சட்டென்று சாவியைத் திருப்பிவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால் பையன் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்பதில்லை, வலியைக் கொன்றுவிடுகிறது, வலி இல்லாததால் காயமும் சூடும் விரலைத் தின்கின்றன என்பது அப்படித்தான் தெளிவானது. சரி, ராத்திரியில் தூங்கி எழுந்தால் விரல் குறைந்திருக்கிறதே, அது எப்படி? கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடிக்கிறது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மருந்துச்சீட்டு இது.

கால் புண்ணுக்கு அறுவை உதவவில்லை, செருப்புதான் உதவியது. எந்த ரப்பர் மிருதுவாக இருக்கும், எது அழுத்தத்தைப் பரப்பும் என்று வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, நுண்துளை ரப்பரில் ஒரு செருப்பு உருவானது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இன்று கடைகளில் விற்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். ஒரு உலகப் புகழ் சர்ஜன், செருப்புத் தைப்பவரோடு உட்கார்ந்து அட்டையின் கனத்தை விவாதித்துக்கொண்டிருக்கிறார். தோலையும் செருப்பையும் தொடுவது யார் வேலை என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்த நாட்டில்.

கை நிமிர்ந்து ஊருக்குப் போன ஒரு நோயாளி திரும்பி வந்து, "டாக்டர், இது பிச்சை எடுக்க உதவாத கை" என்கிற மாதிரிச் சொன்னாராம். விரல் மடங்கியிருந்தவரை இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது, காசும் போடமாட்டேன் என்கிறார்கள். தொழுநோய்க்காரன் என்று தெரிந்ததால் வேலையும் தர மாட்டேன், வாடகைக்கு இடமும் தர மாட்டேன் என்கிறார்கள். அறுவை சிகிச்சை வெற்றி, மனுஷன் பட்டினி. இதற்கப்புறம்தான் புது வாழ்வு மையம் வந்தது. மண் குடிசைகளில் தங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொண்டார்கள். ஊழியம் என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த நோயாளியின் புகாரைத்தான் காட்டுவேன். உபகாரம் செய்கிறவர் தன் பங்கு முடிந்தது என்று கை கழுவும் இடத்துக்கு அப்பால்தான் வாங்கிக்கொண்டவரின் வாழ்க்கையே தொடங்குகிறது.

பிராண்டிடம் வேலை பார்த்தவர்களில் கொச்சிப் பக்கத்து டாக்டர் மேரி வர்கீஸ் ஒருவர். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். கை நன்றாக இருக்கிறதே, உட்கார்ந்தபடி கை அறுவை செய்யலாமே என்று பிராண்ட் சொல்ல, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களைச் சரிசெய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் அவசியம் அவருக்கு அதிகம் இருந்திருக்காது, நாற்காலியை உருட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தாலே போதும்.

தென் திருவிதாங்கூரில் தொடங்கினேன் இல்லையா, அங்கிருந்தும் வேலூருக்கு ஒருவர் வந்தார். ஹோவர்ட் சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். முதல் முயற்சியில் பனிச்சரிவில் ஏழு ஷெர்பாக்கள் இறந்தார்கள். அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒற்றை சர்ஜன் சமாளித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே இருபது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தார். பிறகு 1949 முதல் 1961 வரை வேலூரில் பேராசிரியர். ஊழியம் என்ற சொல் சுமையாக இருந்த அதே ஊர்களின் பேரன் பேத்திகள் வயிற்றை அறுத்துத் தைத்தது அந்தக் கை. அந்த ஊர்களிலிருந்துதான் இன்று நாடெங்கும் நர்ஸ்கள் போகிறார்கள், கல்கத்தா உட்பட.

ஒரு கிழவியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பால் பிராண்டின் அம்மா ஈவ்லின். கணவர் ஜெஸ்ஸி 1929-ல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்துபோனார். மிஷன் அந்த அம்மாவைச் சமவெளிக்கு மாற்றியது. வயதானதும் ஓய்வு கொடுத்தது. ஓய்வுக் கடிதம் கைக்கு வந்ததும், இனி என்னை யாரும் தடுக்க முடியாது என்று நேரே மலைக்குத் திரும்பிவிட்டார். இடுப்பு உடைந்தது, கால் தள்ளாடியது. இரண்டு மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டும், குதிரைமேல் உட்கார்ந்தும் ஊர் ஊராகப் போனார். அந்த மலையில் அன்று நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. ஜனங்கள் காலோடு இறங்கித் தண்ணீர் மொண்ட கிணறுகளிலிருந்து புழு பரவியது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புங்கள், இறங்காதீர்கள், துணியில் வடிகட்டிக் குடியுங்கள். கணவர் சொல்லிவந்த இதையே அந்த அம்மாவும் ஒவ்வொரு ஊரிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 1974-ல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையிலேயே கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.